இரண்டு சம்பந்திகளும் ஒரு பித்தளைக் கப்பியும்

12ஆம் தேதி, புதன்கிழமை
பிற்பகல் மூன்று மணி

என்றும் என் மதிப்புக்கும் அவ்வப்போது என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டில் உள்ளவளும் நலம். அங்கே நீயும், நாள் நெருங்கிவிட்ட உன் மகளும், மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, சம்பிரதாயத்தை இத்தோடு முடித்துக்கொண்டு செய்திக்கு வருகிறேன்.

இன்று பகல் ஒன்றேகால் மணி நிலவரப்படி அத்தான் சாப்பிட்டுவிட்டார். தெரிவித்தவள், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போன என் மனைவி. வாயின் இடது பக்கத்தால் மட்டுமே மென்றார் என்பதும் அவள் நேரில் கண்டது. வலது பக்கம் ஏன் வேலை செய்யவில்லை என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். பிரசவத்துக்காக அங்கே கிளம்பும் பயணத்துக்கு அவர் பெட்டி கட்டவில்லை என்பதும் உறுதியாகிவிட்டது. பெட்டி பரணில்தான் இருக்கிறது, மேலே படிந்த தூசி கலையவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.

"போன்ல பேசினா இவ காதுல விழும், ஏற்கெனவே கொதிச்சுப் போய் இருக்கா. நீ எழுதி அனுப்பு. அந்த ரெண்டு கிழங்களுக்கும் அப்படி என்னதான்டா சண்டை? உங்க அத்தான் வர்றாரா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருந்தாய். முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவனிடம் ஒரே வார்த்தை கேட்பது நியாயமில்லை. தலைப்புப் போடுவது எப்போதும் வேறு ஆளின் வேலையாக இருந்தது. நான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சிலதும் இடையில் வரும். பின்னணி இல்லாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

பின்னணி இதுதான். தொழிற்பயிற்சிப் பள்ளியில் லேத் வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற அத்தானும், பல் டாக்டரான உன் சம்பந்தியும், சம்பந்திகள் ஆவதற்கு முப்பது வருடம் முன்பே ஒரே விடுதி அறையில் ஒரே ரெக்கார்டைத் தேய்த்துக் கேட்டவர்கள். உன் மகளும் அவர் மகனும் ஒருவரையொருவர் விரும்பித்தான் கட்டிக்கொண்டார்கள் என்பது அவர்கள் தரப்பு. ரெக்கார்டுகள் குடும்பத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்பது உன் தரப்பு. இரண்டில் எது சரி என்று நான் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு, சம்பந்தியின் பல் மருத்துவமனை மூடியிருக்கும்போது, அதன் காத்திருப்பு அறையில் ராக் ரசிகர் சங்கம் கூடுகிறது. மொத்த உறுப்பினர்கள் நான்கு. அத்தான், சம்பந்தி, பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த ஓர் அம்மா. அவரை எல்லோரும் ரேடியோ அம்மா என்கிறார்கள். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே, கிராம்பு எண்ணெய் வாசனையில், நோயாளிகள் உட்காரும் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். சங்கத்துக்கு ஒரே விதி: அந்த அறையில் இருக்கும் பழைய ரெக்கார்டு பிளேயரில் கேட்டதைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். போனில் கேட்டேன், கம்ப்யூட்டரில் கேட்டேன் என்று யாராவது ஆரம்பித்தால் அன்று அவருக்கு டீ கிடையாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள், இதனால்தான் எல்லாம்.

அவர்கள் உயிரை விடுவது வெளிநாட்டு நீளமுடிக்காரர்கள் நான்கு பேர் ஐம்பது வருடம் முன்பு போட்ட ரெக்கார்டு ஒன்றுக்கு. அதன் இரண்டாம் பக்கத்துப் பெரிய பாட்டில், நடுவே மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார்க்காரர் மட்டும் தனியாக ஒரு நிமிடம் தலைதெறிக்க ஓடுவார். சங்கத்தில் இதற்குப் பெயர் 'ஓட்டம்'. அத்தான் விரல் கட்சி: பாட்டு என்பதே அந்த ஓட்டத்துக்குப் போட்ட பந்தல்தான், மனிதன் கையால் இப்படி வாசிக்க முடியும் என்பதுதான் விஷயம் என்பார். சம்பந்தி பாட்டுக் கட்சி: மெட்டைக் கட்டியவரும், அதை ஸ்டுடியோவில் உட்கார்ந்து எந்தச் சத்தம் எங்கே எவ்வளவு என்று பதிவு செய்ய வைத்த தயாரிப்பாளரும்தான் விஷயம், விரல் இரண்டாம்பட்சம் என்பார். நாற்பது வருடமாக இந்த வாதத்தை இருவரும் சந்தோஷமாகவே நடத்தி வந்தார்கள். அத்தான் ஒரு படி மேலே போய், பத்து வருடம் அந்த ஓட்டத்தைத் தன் கிட்டாரில் பழகி, போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டோடு சேர்ந்து, ஒரு சுரம்கூடப் பிந்தாமல் வாசித்துக் காட்டினார். அன்று சம்பந்தியே எழுந்து நின்று கைதட்டியதாக டைம்கீப்பரின் நோட்டில் பதிவாகியிருக்கிறது.

சண்டை ஆரம்பித்தது போன மாதம் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அத்தானின் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. இருதரப்பையும் தனித்தனியே விசாரித்தேன், விவரத்தில் முரண்பாடு இல்லை. ஊசி போட்டு வாய் மரத்துப்போய், எச்சில் உறிஞ்சும் குழாய் ஒரு பக்கமும் பஞ்சு மறுபக்கமுமாக அத்தான் நாற்காலியில் மல்லாந்திருக்கும்போது, சம்பந்தி கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசினார்:

"இப்ப கேளுடா. இன்னைக்கு ஒரு நாளாவது நான் முழுசாப் பேசி முடிக்கிறேன். விரல் விரல்ங்கிற. விரல் எவனுக்கு இல்ல? தேடினா ஊருக்குப் பத்துப் பேரு அந்த வேகத்துல வாசிப்பான். மெட்டைக் கட்டினவன் ஒருத்தன். எந்த ரூம்ல, எந்த மைக்ல, எவ்வளவு எதிரொலியோட பதியணும்னு உக்காந்து யோசிச்சவன் இன்னொருத்தன். பாட்டுன்னா அவங்க ரெண்டு பேருதான். உன் ஆளு கூலிக்கு வந்தவன்."

"ஆங்... ஊ... ஆஆ" என்று அத்தான் சொன்னார்.

"மறுப்பு ஏதும் இல்லேன்னு எடுத்துக்கிறேன்" என்று சம்பந்தி சொன்னார்.

பல்லைத் தற்காலிகமாக அடைத்த அடுத்த கணம் அத்தான் எழுந்துவிட்டார். கழுத்தில் கட்டிய நீலக் காகிதத் துணியோடும், ஒரு பக்கம் தொங்கிய உதட்டோடும், கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் இரண்டு பேர் அவருக்குப் பக்கவாதம் என்று நினைத்து எனக்குப் போன் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே காகிதத் துணியின் பின்பக்கத்தில், "மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, கூலிக்கு வந்தவன் இல்லாவிட்டால் உங்கள் பாட்டு வெறும் காகிதம். மீதி சிகிச்சையை நான் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதி ஆள் மூலம் அனுப்பினார். வேறு இடத்தில் இதுவரை பார்த்துக்கொள்ளவில்லை. வலது பக்கம் வேலை செய்யாதது இதனால்தான். வாழ்நாள் முழுக்க 'டா' போட்டுப் பேசிய மனிதரை 'மதிப்பிற்குரிய' என்று எழுதிவிட்டார் என்றதும் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் பட்டது. சம்பந்தி பதிலுக்கு, அடுத்த ஞாயிறு சங்கத்துக்கு வந்த அத்தானிடம், "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த அறையில் அத்தானை யாரும் அதுவரை உட்காரச் சொன்னதில்லை.

அந்த ஞாயிறு இரண்டாம் தேதி. பதிவு செய்யும் விதம்தான் முக்கியம் என்று நிரூபிக்க சம்பந்தி ஒரு பரிசோதனை ஏற்பாடு செய்திருந்தார். அத்தான் அதே ஓட்டத்தின் முதல் பத்து நொடியை எக்ஸ்ரே அறையிலும், மாடிப்படியிலும், மருத்துவமனைப் பாத்ரூமிலும் வாசிக்க வேண்டும். டைம்கீப்பர் போனில் பதிவு செய்வார். டைம்கீப்பரும் ரேடியோ அம்மாவும் எது எந்த இடம் என்று தெரியாமல் கேட்டு, சிறந்ததைச் சொல்ல வேண்டும். பதிவு செய்தவரே தெரியாமல் கேட்பது எப்படி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மறுத்தால் கட்சியை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அத்தானும் ஒத்துக்கொண்டார். இரண்டு ஓட்டும் பாத்ரூமுக்கு விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சம்பந்தி. "அதே கை, அதே கிட்டார். மாறினது ரூம் மட்டும்தான்."

"அப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க? உங்க பாத்ரூமை மேடை ஏத்திக் கைதட்டணுமா?"

"குழாய் சொட்டற சத்தம்கூடத் தாளத்துல நின்னுதுங்க" என்றார் டைம்கீப்பர். அவர் சமாதானமாகத்தான் சொன்னார். அது சமாதானமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

"சரி, உங்க ஓட்டத்தை முணுமுணுத்துக் காட்டுங்க பாப்போம்" என்று சம்பந்தி கேட்டார். "மெட்டுன்னா ரோட்ல போறவன்கூட முணுமுணுப்பான். வேகத்தை எவன் முணுமுணுக்கிறான்?"

அத்தான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, முழு ஓட்டத்தையும் ஒரு நிமிடம் விடாமல் வாயால் வாசித்தார். தற்காலிக அடைப்பு வழியாகக் காற்றுப் போனதால் சில இடங்களில் விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது. முடிந்தபோது மூச்சு வாங்கியது. சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ போடப் போனார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்கிறார் ரேடியோ அம்மா. டைம்கீப்பர் அதை உறுதி செய்ய மறுத்துவிட்டார்.

நீ என்னை விசாரிக்கச் சொன்னது இதற்குப் பிறகு. ஆகவே ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் பார்வையாளனாகப் போய், கடைசி நாற்காலியில், கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும் காலங்கள் என்ற அட்டவணைக்குக் கீழே உட்கார்ந்தேன். இனி எழுதுவது நான் நேரில் கண்டது. அன்றைய வாதம், அந்த ஓட்டம் சரியாக எவ்வளவு நேரம் என்பதில் ஆரம்பித்தது. டைம்கீப்பர் நோட்டை எடுத்தார். பதினோரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பாட்டையும் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன், பழக்கம் என்றார். "ஓட்டம் ஒரு நிமிஷம். முழுப்பாட்டு அஞ்சு நிமிஷம். ஒரு வாரம்கூடப் பிசகல" என்று பெருமையாகப் படித்தார். ரேடியோ அம்மா ரெக்கார்டின் உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உறையில ஆறு நிமிஷம்னு போட்டிருக்கு."

பதினோரு வருடம் அளந்த மனிதர் ஒரு தடவைகூட உறையைத் திருப்பிப் பார்த்ததில்லை. டெப்போவில் பஸ் எப்போது வந்தது என்று எழுதுவதுதான் தன் வேலை, எப்போது வந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது வேறு பிரிவு என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

"நான் வந்த முதல் நாளே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் ரேடியோ அம்மா. "பாடறவர் குரல் தொண்டையைக் கிள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு. புதுசா வந்தவ, வந்ததும் வராததுமா குறை சொல்லக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

அவர் சம்பந்தியிடம் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி வாங்கி, சுழலும் தட்டின் ஓரத்தில் ஒட்டினார். டைம்கீப்பர் வாட்ச்சைப் பிடித்தார். பிளாஸ்திரி கண்முன் வரும்போதெல்லாம் எண்ண வேண்டும். அந்த ரெக்கார்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டும். நாலு பேரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். முப்பத்து மூன்று தாண்டியது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டுக்குப் பிறகு அத்தானின் குரல் மட்டும் நின்றுவிட்டது. நாற்பதில் நிமிடம் முடிந்தது.

ரேடியோ அம்மா ரெக்கார்டு பிளேயரைத் திறந்தார். உள்ளே மோட்டாரின் தலையில் ஒரு சின்னப் பித்தளைக் கப்பி. அதில் மாட்டிய ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுழற்றுகிறது. கப்பி பெரிதானால் தட்டு வேகமாகச் சுழலும். இந்தக் கப்பியைச் செய்தது யார் என்று அவர் கேட்டார். யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். பதினோரு வருடம் முன்பு பழைய கப்பி தேய்ந்து போனபோது, தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அதே மாடல் இன்னொரு பிளேயரை வாங்கி வந்து, அதன் கப்பியை மைக்ரோமீட்டரால் அளந்து, பள்ளிக்கூட லேத்தில் அத்தான் தன் கையால் கடைந்தது அது. அந்த வெளிநாட்டுப் பிளேயரில் மாடல் பெயர் ஒன்றானாலும் மோட்டார் வேறு வகை. அந்த மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதை ஈடுகட்டக் கப்பியைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அத்தானின் அளவில் தலைமுடி அளவுகூடத் தப்பு இல்லை. அளந்த சாமான்தான் தப்பு.

அக்கா, இதன் அர்த்தத்தை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. மனிதக் கையால் முடியாத வேகம் என்று அத்தான் கும்பிட்ட வேகத்தில் ஒரு பங்கு, அத்தானே கடைந்த பித்தளை. தயாரிப்பாளர் குரல்களுக்குக் கொடுத்த தேவலோகப் பளபளப்பு என்று சம்பந்தி பதினாறு பக்கக் கட்டுரை எழுதிச் சங்கத்தில் வாசித்தாரே, அந்தப் பளபளப்பும் அதே பித்தளை. மாதம் ஒரு கிட்டார்க் கம்பி அறுவதற்கு அத்தான் கம்பி செய்யும் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்ததும் இதனால்தான்; ரெக்கார்டின் சுருதி ஏறியிருந்ததால் அதற்கு ஈடாகக் கம்பியை முறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். "சின்ன வயசுல கேட்டப்ப இவ்வளவு வேகமா இல்லையேன்னு எனக்கும் தோணுச்சு" என்றார் டைம்கீப்பர். "வயசானா உலகமே வேகமாயிடும்னு சொல்வாங்களே, அதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

முதலில் வாய் திறந்தவர் சம்பந்தி. "ஆகக்கூடி அந்த வேகம் உங்க ஆளோடது இல்ல. கப்பியோடது."

"கப்பி ரெக்கார்டைத்தான் சுத்துச்சு" என்றார் அத்தான். "என் விரலைச் சுத்தல. நான் வாசிச்சேன் இல்ல?"

ரேடியோ அம்மா, "அது சரிதான்" என்றார். உண்மையில் அது சரிதான். அந்தக் கிட்டார்க்காரரே வாசிக்காத வேகத்தில் அந்த ஓட்டத்தை உலகத்தில் வாசித்தவர், எனக்குத் தெரிந்து, உன் கணவர் ஒருவர்தான். அந்த இடத்தில் சம்பந்தி சும்மா இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது. அவர் சும்மா இருக்கவில்லை. "அப்படின்னா பதினோரு வருஷமாத் தப்பாத்தானே வாசிச்சிருக்கீங்க" என்றார்.

அத்தான் எழுந்தார். கிட்டாரை உறையில் போட்டார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைப் பொறுமையாக எடுத்துவிட்டு, மூடி, "வர்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மருத்துவமனைப் பக்கம் தலைகாட்டவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை உன் மகள் இருவருக்கும் தனித்தனியே போன் செய்தது உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் இருந்தாய். ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். அத்தானின் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருப்பதால் நானும் கேட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, பேசிக்கிட்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு பேருமே வர வேண்டாம். நீங்க ஒரு மூலையிலயும் அவர் ஒரு மூலையிலயும் உர்ருனு உக்காந்திருக்க, நடுவுல என் பிள்ளையை நான் காட்ட மாட்டேன்பா." அத்தான், "சரிம்மா" என்றார். எதற்குச் சரி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று மாலை அவர் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், சரியான அளவில் புதுக் கப்பி ஒன்றைக் கடைந்துகொண்டு வந்தார். அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. யாரிடமும் கொடுக்கவில்லை.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, நான் போனபோது சங்க விதியை முதல் தடவையாக மீறி, போனில் அந்தப் பாட்டைச் சரியான வேகத்தில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. விரல்கள் முன்னால் ஓடிவிட்டன. பாட்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. மூன்று தடவை முயன்றார். பிறகு கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிக்க மாட்டேங்குது மச்சான். மெதுவாப் போடான்னா விரல் கேக்க மாட்டேங்குது."

"பழகினா வராதா அத்தான்?"

"வரும். பதினோரு வருஷத்துல." சட்டைப் பையிலிருந்த கப்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் போகல. அவன் சொன்னது தப்பில்ல. போய் என்னத்தைச் சொல்றது பிள்ளைகிட்ட? உன் தாத்தா ஆயுசு பூராத் தப்பா வாசிச்சவன்னா?"

அங்கிருந்து நேராகச் சம்பந்தியிடம் போனேன்; மறுதரப்பையும் கேட்காமல் எழுதுவது என் வழக்கமில்லை. அவர் ஒரு நோயாளியின் வாயில் கண்ணாடியை விட்டுக்கொண்டே பேசினார். "நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வர்றது? பதினாறு பக்கம் எழுதினேன். பளபளப்பு பளபளப்புன்னு. அவன் கடைஞ்ச கப்பியைப் பத்தி எழுதியிருக்கேன்னு இப்பத் தெரியுது. அவனாவது வாசிச்சான். நான் என்ன பண்ணினேன்?" நோயாளி ஏதோ சொல்ல வந்தார். "நீங்க பேசாதீங்க" என்றார் சம்பந்தி.

திங்கட்கிழமை மாலை சம்பந்தியை அத்தான் வீட்டு வாசலில் பார்த்ததாக ஒரு தகவல் உண்டு. பத்து நிமிடம் நின்றார் என்கிறார் டைம்கீப்பர், நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அங்கே போகவேயில்லை என்கிறார் சம்பந்தி. இதை உறுதிப்படுத்த முடியவில்லை.

ஆக, என் முடிவு: இருவருக்கும் கோபம் தீர்ந்து இரண்டு நாளாகிறது. இப்போது இருப்பது வெட்கம். கோபமென்றால் யாராவது போய்ச் சமாதானம் பேசலாம், வெட்கத்துக்கு அது செல்லாது. பதினைந்தாம் தேதிக்கு நீ எடுத்து அனுப்பிய இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிடு. நீ கேட்ட ஒரே வார்த்தை: வரமாட்டார். சம்பந்தியையும் சேர்த்தால்: வரமாட்டார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெண்ணுக்கு என் முழு ஆசியையும் அப்படியே கொடு, பாதியை உனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பெரியவளான உனக்கு நான் ஆசி சொல்ல முடியாது, உன் ஆசியைத்தான் எதிர்பார்க்கிறேன். கோபத்தில் இருந்தால் தணிந்த பிறகு அனுப்பு.

உன் தம்பி

பி.கு. 13ஆம் தேதி, வியாழக்கிழமை மாலை ஆறு மணி. மேலே எழுதியதில் தேதிகளைத் தவிர எதையும் நம்பாதே.

இன்று காலை, தபாலில் போடக் கிளம்பும்போது, அத்தானின் தற்காலிக அடைப்பு கழன்று விழுந்தது. வலி பொறுக்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். சம்பந்தி ஒரு வார்த்தை பேசாமல், விரலைச் சுண்டி நாற்காலியைக் காட்டி, ஒரு மணி நேரம் வேலை பார்த்து, நிரந்தரமாக அடைத்து முடித்தார். முழு நேரமும் அத்தான் வாயைத் திறந்தபடி கிடந்தார், சம்பந்தி வாயைத் திறக்கவேயில்லை. முடிந்ததும் அத்தான் சட்டைப் பையிலிருந்து புதுக் கப்பியை எடுத்துக் கருவித் தட்டில் வைத்தார். சம்பந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரேடியோ அம்மாவுக்கும் டைம்கீப்பருக்கும் போன் செய்தார். நோயாளிகளைப் பிற்பகல் வரச் சொல்லிவிட்டார்கள். கப்பி மாட்டினார்கள், பிளாஸ்திரியை எண்ணினார்கள், முப்பத்து மூன்று. பாட்டு ஆறு நிமிடம் ஓடியது. முடிந்தபோது அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மரப்பு ஊசியால் என்று சொன்னார். சம்பந்தி ஊசியே போட்டுக்கொள்ளாமல் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் எந்தக் கட்சியும் இல்லாதவர். சொல்லுங்க, முன்னாடி நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்கா?"

கேட்டால் உண்மையைச் சொல்வது என் பழக்கம். "எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

"ஒண்ணு மாதிரியா?" என்றார் சம்பந்தி.

"அஞ்சு நிமிஷப் பாட்டு ஆறு நிமிஷம் ஆயிருக்கு, வித்தியாசமே தெரியலியா?" என்றார் அத்தான். "டேய், கேட்டியாடா இவன் பேசறதை?"

"அது என்ன காதாடா, கண்ணாடி மாட்டற கொக்கியா?"

"நான் முப்பத்தி ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன் இதை. அவங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான். இவங்க அக்காவுக்கும் தெரியாது."

"பெண் வழியில இறங்குமோ?"

இருவரும் ஒரே நேரத்தில் பல் முளைக்கும் அட்டவணையில் இருந்த கைக்குழந்தைப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, "வயித்துல இருக்கறப்பவே குழந்தை கேக்க ஆரம்பிச்சாகணும்டா. லேட் பண்ணினா அப்படியே செட் ஆயிடும்" என்று சம்பந்தி சொன்னார், மருத்துவ ரீதியாக இதற்கு ஆதாரம் கேட்டேன், கொடுக்கவில்லை. பதினைந்தாம் தேதி வரை பொறுக்க முடியாது என்று டிக்கெட்டை நாளைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். நாளை, பதினான்காம் தேதி, மாலை ஐந்தேகால் மணிக்கு இருவரும் பேசிக்கொண்டே அங்கே வந்து இறங்குவார்கள். ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகும் என்பது டைம்கீப்பரின் கணிப்பு. இந்தக் கடிதத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்துவிடுவார்கள், அதனால் ஒட்டவில்லை. பிரசவம் பத்தொன்பதாம் தேதி என்று அங்கே டாக்டர் சொன்னதில் மாற்றம் இல்லை. குழந்தைக்கு யாருடைய காது என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. பிறந்த மூன்றாம் நாள் இரண்டு வேகத்திலும் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிப் பார்ப்பது என்று இருவரும் ஏகமனதாக முடிவு செய்திருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி மாலைக்குள் தெரிந்துவிடும்.